வீட்டுச் சேகரிப்பிலிருக்கும் பழைய ஓபன் காரை விற்பது எப்படி?

அப்பாவோ மாமனாரோ ஆசை ஆசையாகச் சேர்த்த நாலைந்து பழைய கார்கள் ஷெட்டில் நிற்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள இப்போது ஆளும் இல்லை, இடமும் இல்லை. அதில் ஒன்றை, கூரையை மடக்கித் திறக்கிற காரை, விற்றுவிடலாம் என்று வீட்டில் பேசி முடிவாகிவிட்டது. ஆனால் இதுவரை ஒரு மாருதியைத் தவிர எதையும் விற்றுப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரே காரை எடுத்துக்கொள்கிறேன்: மோரிஸ் மைனர் கன்வர்ட்டிபிள். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர், 1948-ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதில் கூரை மடங்கும் மாடல் சுமார் 75 ஆயிரம்தான். அதன் தயாரிப்பு 1969-ல் நின்றுபோனது. உங்களிடம் இருப்பது வேறு கம்பெனிக் காராக இருந்தாலும் வேலையின் வரிசை இதேதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பாதுகாத்த பழைய காருக்கு விலை வருவது, அது ஃபாக்டரியிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்ற நம்பிக்கையால். வாங்குகிறவருக்கு அந்த நம்பிக்கை வருவதற்கான அத்தாட்சிகளைத் திரட்டுவதுதான் உங்கள் வேலையில் முக்கால்வாசி. விற்பதற்கு முன் காரைப் புதுசு போல் ஆக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிறவியிலேயே ஓபன் காரா, அறுத்ததா?

நம் ஊரில் கேட்கப்படும் முதல் கேள்வி இது. கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுவதற்காக, சாதாரண மூடிய கார்களின் கூரையை அறுத்து ஓபன் காராக மாற்றுவது பல காலமாக நடக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் கார் எது என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியாமல் விளம்பரம் கொடுக்காதீர்கள்.

மைனரில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் சேஸிஸ் நம்பர் பொறித்த சின்னத் தகடு இருக்கும். 1950-களின் கடைசியிலிருந்து வந்த கார்களில் அந்த நம்பர் ‘எம்ஏடி’ என்ற எழுத்துகளோடு தொடங்கினால் அது ஃபாக்டரியிலேயே டூரராக, அதாவது கன்வர்ட்டிபிளாகப் பிறந்த கார். ‘எம்ஏ2எஸ்’ என்று தொடங்கினால் அது இரண்டு கதவு சலூன், அதாவது மூடிய கார். இன்றைக்கு அதற்குக் கூரை இல்லை என்றால் யாரோ அறுத்திருக்கிறார்கள். அதற்கும் முந்தைய கார்களில் குறியீடு வேறு மாதிரி. அதை மைனர் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தகடு மட்டும் போதாது, தகட்டை மாற்றுவதும் நடக்கும். அடுத்து உடம்பைப் பாருங்கள். மூடிய காரில் கூரையும் சேர்ந்துதான் வண்டியை விறைப்பாகப் பிடித்திருக்கிறது. கூரை இல்லாத காரில் அந்த வேலையைத் தரைப்பகுதி செய்தாக வேண்டும். அதனால் அசல் கன்வர்ட்டிபிளில் கதவுத் தூண்கள் தரையோடு சேரும் இடத்தில் முட்டுத் தகடுகளும், கதவுக்கு அடியில் ஓடும் ஸில் பகுதியில் கூடுதல் உரமும் கொடுத்திருப்பார்கள். அறுத்த காரில் பெரும்பாலும் இவை இருக்காது. இருந்தாலும் வெல்டிங் தழும்பு காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். கதவை மூடிவிட்டு, கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பாருங்கள். ஒரே அகலமாக வர வேண்டும். மேலே நெருங்கி, கீழே விலகியிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அப்புறம் ஒரு பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்குங்கள்; ஜாக்கி போடும் இடம் துரு இல்லாமல் கெட்டியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடுங்கள். வழக்கம்போல் ‘டக்’கென்று மூடினால் உடம்பு திடமாக இருக்கிறது என்று அர்த்தம். உரசினாலோ பூட்டு ஏறவில்லை என்றாலோ அடியில் துரு தின்றிருக்கிறது. விஷயம் தெரிந்த எவரும் வந்ததும் இதைத்தான் செய்வார். அவருக்கு முன்னால் நீங்கள் செய்துவிடுங்கள்.

அறுத்த கார் என்று தெரியவந்தால்? விற்கலாம், தப்பே இல்லை. ஆனால் ‘சலூனாக இருந்து மாற்றப்பட்டது’ என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கான விலைக்கு விற்க வேண்டும்.

காகிதங்கள்

கார் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆர்.சி. சரியில்லை என்றால் அது வெறும் காட்சிப் பொருள். காருக்குக் கை வைப்பதற்கு முன்னால் ஒரு மாதமாவது காகித வேலைக்கு ஒதுக்குங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் காரில் உள்ளவையும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய மைனர்களில் உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் பிரீமியர் பத்மினி எஞ்சினையோ வேறு எதையோ மாட்டி ஓட்டியவர்கள் நிறையப் பேர். அப்படி மாற்றியதை ஆர்.சி.யில் பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் சிக்கும். அசல் எஞ்சின் ஷெட்டில் எங்காவது மூலையில் கிடந்தால் அது பொக்கிஷம்; பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ‘பாடி டைப்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். அங்கே ‘சலூன்’ என்று இருந்தால் மேலே சொன்ன கேள்விக்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

பழைய மெட்ராஸ் மாகாண எண், அதாவது எம்.எஸ். அல்லது எம்.டி. என்று தொடங்கும் நம்பர் இருந்தால், அந்தப் பதிவு கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் தேடுங்கள். கையெழுத்து லெட்ஜரில் மட்டும் இருக்கும் வண்டிகளுக்கு ‘பேக்லாக் என்ட்ரி’ போட்ட பிறகுதான் எந்த வேலையும் நகரும். இதற்கு அலைச்சல் உண்டு, முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

கார் இறந்துபோனவர் பெயரில் இருந்தால் நேரடியாக விற்க முடியாது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு, படிவம் 31 கொடுத்து முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகளுக்குள், அத்தைமார்களோடு, இந்தப் பேச்சை விளம்பரத்துக்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. விலை பேசி அட்வான்ஸ் வாங்கிய பிறகு ‘என்னைக் கேட்கவே இல்லையே’ என்று ஒரு குரல் வந்தால், வாங்க வந்தவரும் போய்விடுவார், உறவும் கசந்துவிடும்.

அடுத்தது விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. அதன்படி 50 ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் வடிவத்தில் பராமரிக்கப்படும் இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். சேஸிஸ், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிந்தால் ‘விஏ’ வரிசை எண் தருகிறார்கள். ஏற்கெனவே பதிவான வண்டிகள் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் இப்படிப் பதிந்த காரை தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுதல், ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும்தான் தெருவில் இறக்கலாம். வாடகைக்கும் விடக் கூடாது.

விற்பதற்கு முன் நீங்களே இதைச் செய்ய வேண்டுமா? கார் இப்போதும் செல்லுபடியான சாதாரண ஆர்.சி.யோடு இருந்தால் அப்படியே விடுங்கள் என்பேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைச் சாலையில் ஓட்ட ஆசைப்பட்டு வாங்குகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு பிடிக்காமல் போகலாம். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

இங்கிலாந்தில் தயாரான காருக்கு இன்னொரு காகிதம் வாங்கலாம். கெய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், மோரிஸ், ஆஸ்டின், எம்.ஜி. போன்ற கம்பெனிகளின் பழைய உற்பத்திப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பதிவேட்டில் உள்ளதைப் பார்த்து கார் எந்தத் தேதியில் தயாரானது, என்ன நிறம், எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது போன்ற விவரங்களோடு சான்றிதழ் தருவார்கள். அதில் உங்கள் காரின் நிறமும், சென்னைக்கோ மும்பைக்கோ கப்பல் ஏறிய விவரமும் பொருந்தி வந்துவிட்டால் பேரத்தில் உங்கள் கை ஓங்கிவிடும். செலவு செய்வதாக இருந்தால் இதற்குச் செய்யுங்கள்.

காரில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

விற்கப் போகிறோம் என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது புது பெயின்ட். வேண்டவே வேண்டாம். 60 வருஷப் பெயின்ட் அங்கங்கே மங்கியிருந்தாலும், கதவு ஓரத்தில் உரிந்து கீழே உள்ள பிரைமர் தெரிந்தாலும், அது அசல். ஒரு தடவை சுரண்டிவிட்டால் எந்தப் பணத்தாலும் திரும்ப வராது. புதுப் பெயின்ட்டைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவருக்கு வரும் முதல் சந்தேகமே ‘இதற்கு அடியில் எவ்வளவு பட்டி பூசியிருக்கிறார்களோ’ என்பதுதான். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தோடு வருவார்கள். நல்ல தகடு காந்தத்தை இழுக்கும். பட்டி பூசிய இடத்தில் காந்தம் நழுவி விழும். உங்கள் காரின் தகடு எல்லா இடத்திலும் காந்தத்தைப் பிடிக்கிறது என்றால் அதைவிட வேறு விளம்பரம் எதற்கு? உலகத்தின் பெரிய கார் கண்காட்சிகளில் புதுப்பிக்காமல் பாதுகாத்த கார்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

சீட் கவர், கதவின் உள்பக்கத் துணி, டேஷ்போர்டு, ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் இதே விதி. கிழிந்த தையலைத் தைக்கலாம். முழுசாக மாற்ற வேண்டாம்.

சுத்தம் மட்டும் தாராளமாகச் செய்யலாம். மெதுவான சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி. பிரஷர் வாட்டர் அடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஹூட்டின், அதாவது மடங்கும் துணிக் கூரையின், தையலும் ரப்பர் பீடிங்கும் தாங்காது. குரோம் பகுதிகளைக் கையால் பாலிஷ் போடலாம். மறுபடி குரோம் ஏற்றக் கொடுக்க வேண்டாம்.

ஹூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஓபன் காரின் உயிர் அதில்தான். ஷெட்டில் நிற்கும்போது ஹூட்டை மூடிய நிலையிலேயே வைத்திருங்கள். மடித்தே வைத்தால் துணி சுருங்கிவிடும். பிறகு இழுத்துக் கொக்கியில் மாட்டும்போது கிழியும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், சென்னைக் காற்றில் இரண்டே நாளில். பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகிக் கெட்டியாகியிருந்தால், ஹூட்டை இறக்கும் முன் வெயிலில் சற்று நேரம் நிறுத்தி இளகவிடுங்கள். இல்லாவிட்டால் மடிப்பில் விரிசல் விழும். ஹூட்டின் இரும்புச் சட்டத்தில் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பழகிக்கொள்ளுங்கள். வாங்க வந்தவர் முன்னால் கட்டாயமாக ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டியிருக்கும். அப்போது திணறினால் ‘கூரை வேலை செய்யாது போல’ என்று நினைத்துவிடுவார். துணி நைந்து தண்ணீர் ஒழுகுகிறதா? புது ஹூட் போடாமல், ‘ஹூட் துணி மாற்ற வேண்டியது’ என்று எழுதி விற்றுவிடுங்கள். எந்தத் துணி, எந்த நிறம் என்பதை வாங்குகிறவர் முடிவு செய்துகொள்வார்.

இயந்திரப் பகுதியில் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை மட்டும் சரிசெய்யுங்கள். பிரேக்தான் முதலில். பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் டிரைவரின் காலடியில் தரைக்குக் கீழே ஒளிந்திருக்கும்; வருஷக்கணக்கில் நின்ற காரில் அது இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். முன் சக்கரங்களைத் தாங்கித் திருப்பும் மூட்டான டிரனியனுக்கு கிரீஸ் அடியுங்கள். இதை விட்டுவிட்டு ஓட்டினால் ஓடுகிற ஓட்டத்தில் சக்கரமே மடங்கிவிடும், மைனரின் பிரசித்தி பெற்ற பலவீனம் அது. பெட்ரோல் ஓஸ்களை மாற்றுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரை அது அரித்துவிடும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் கதை முடிந்தது. பழைய டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் ஓட்டிக் காட்டாதீர்கள்.

பேட்டரி மாட்டும்போது கவனம். மைனரில் பாசிட்டிவ்தான் எர்த். இன்றைய கார்களில் வேலை பார்த்துப் பழகிய பையன் வழக்கம்போல் நெகட்டிவை பாடிக்குக் கொடுத்துவிடக் கூடும். பேட்டரி பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.

சாவியைத் திருப்பியதும் எஸ்.யு. கம்பெனியின் பெட்ரோல் பம்ப் ‘டிக், டிக், டிக்’ என்று வேகமாகத் தட்டி, கார்புரேட்டர் நிறைந்ததும் தட்டுவதை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது டேங்கில் பெட்ரோல் இல்லை. சாவியைத் திருப்பியதுமே பழைய ஆட்கள் காதைத் தீட்டிக்கொள்வது இந்தச் சத்தத்துக்குத்தான்.

ஷெட்டைத் துழாவுங்கள்

சேகரிப்பிலிருந்து விற்பதில் ஒரு தனிச் சிக்கல்: வருஷங்கள் போகப் போக ஒரு காரின் சாமான் இன்னொரு காருக்குப் போயிருக்கும். இதன் டைனமோ அதில், அதன் வீல் கப் இதில். அப்பாவிடம் வேலை பார்த்த மெக்கானிக் உயிரோடு இருந்தால் அவரை ஒரு நாள் வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எது எதனுடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த பாதி விஷயம் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

பிறகு இந்தக் காருக்கு உரியதையெல்லாம் ஒரு பெட்டியில் சேருங்கள்: எஞ்சினைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஹேண்டில், ஜாக்கி, ஹூட்டை மடித்ததும் போர்த்தும் உறை, இரண்டாவது சாவி, கழற்றிவைத்த டிராஃபிகேட்டர் கைகள் (திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து நீளும் அந்த ஆரஞ்சு விளக்குக் கை, 1960-களின் தொடக்கம்வரை மைனரில் இருந்தது), ஓனர் புத்தகம், பழைய பில்கள், வரி ரசீதுகள், இன்சூரன்ஸ் தாள்கள். காருக்குப் பக்கத்தில் வீட்டார் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஆல்பத்தில் இருந்தால் அதற்கு ஒரு நகல் எடுத்துச் சேருங்கள். நம்பர் பிளேட் தெரிகிற படமாக இருந்தால் அது நிஜமான ஆவணம்: அன்றைக்கே இந்தக் கார் ஓபன் காராக, இந்த நம்பரோடு ஓடியது என்பதற்குச் சாட்சி.

விலை

இணையத்தில் பார்க்கும் விலையெல்லாம் கேட்கும் விலை. விற்ற விலை யாருக்கும் தெரியாது. வெளிநாட்டு விலையை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதும் வீண். அங்கே வாங்குகிறவர்கள் வேறு, சட்டம் வேறு. இதில் இன்னொன்றும் உண்டு: 1950 ஜனவரி 1-க்கு முன் தயாரான கார்களை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் ‘லண்டனில் இவ்வளவு போகும்’ என்பது நம் பேரத்தில் நிற்காது.

ஒரே மாடலைச் சமீபத்தில் வாங்கியவர், விற்றவர் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கங்களின் கூட்டங்களுக்கும் ராலிகளுக்கும் போய் நின்றாலே பேச்சு கிடைக்கும். பழைய கார்க்காரர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். புரோக்கர் சொல்லும் விலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வேகமாகக் கை மாற்றுவதில்தான் அவருக்கு லாபம். பிறகு மனத்துக்குள் இரண்டு எண் குறித்துக்கொள்ளுங்கள்: கேட்கும் விலை, அதற்குக் கீழே போகவே மாட்டோம் என்கிற விலை. இரண்டாவது எண் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும், வெளியே ஒருவருக்கும் தெரிய வேண்டாம்.

எங்கே விற்பது

என்னைக் கேட்டால் முதலில் சங்கத்து ஆட்கள்தான். அவர்களுக்குக் காரின் அருமை தெரியும், ‘எம்ஏடி’ என்றால் விளக்க வேண்டாம், பணம் கொடுக்கும் விதத்திலும் பெரும்பாலும் நம்பிக்கையானவர்கள். பல நல்ல கார்கள் விளம்பரமே இல்லாமல் இந்த வட்டத்துக்குள்ளேயே கை மாறிவிடும். இணையத்தில் பொதுவான விற்பனைத் தளங்களில் போட்டால் நூறு பேர் கூப்பிடுவார்கள். தொண்ணூறு பேர் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள். அரிதான காராக இருந்தால் மும்பையில் கலைப்பொருள் ஏலம் நடத்தும் நிறுவனங்கள் சில பழைய கார்களையும் எடுத்துக்கொள்கின்றன. கமிஷன் எவ்வளவு, விற்காவிட்டால் போக்குவரத்துச் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் காரை அனுப்ப வேண்டும்.

படமும் விளம்பரமும்

காலையிலோ மாலையிலோ மென்மையான வெளிச்சத்தில் எடுங்கள். ஹூட் மூடி நான்கு பக்கம், திறந்து நான்கு பக்கம். சேஸிஸ் தகடு, எஞ்சின் நம்பர், மீட்டர், சீட், டிக்கியின் தரை, கம்பளத்தைத் தூக்கிய தரை, ஜாக்கியில் ஏற்றி அடிப்பாகம். குறைகளைத் தனியாக, கிட்டத்தில், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுங்கள். துருவின் படத்தை நீங்களே போட்டால், மற்ற படங்களை எல்லோரும் நம்புவார்கள்.

‘மாஸ்டர் பீஸ்’, ‘ராயல் லுக்’, ‘பார்த்தால் வாங்கிவிடுவீர்கள்’ என்பதெல்லாம் வேண்டாம். மாதிரிக்கு இப்படி எழுதலாம்:

‘மோரிஸ் மைனர் 1000 கன்வர்ட்டிபிள், 1960. 948 சி.சி. சேஸிஸ் தகடு எம்ஏடி. கூரை அறுத்தது அல்ல. அடிப்பாகப் படங்கள் இணைத்துள்ளேன். எஞ்சின் நம்பர் ஆர்.சி.யோடு பொருந்தும். ஒரே குடும்பத்தில் இருக்கும் கார். வெளிப் பெயின்ட் பெரும்பாலும் அசல். இடது முன் மட்கார்டு ஒருமுறை பெயின்ட் செய்யப்பட்டது. ஹூட் துணி மாற்ற வேண்டும், சட்டம் நன்றாக இருக்கிறது. வலது ஸில்லின் பின்முனையில் துரு, படத்தில் காணலாம். பிரேக் புதிதாகச் செய்தது, பில் உண்டு. இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளது. பார்க்க விரும்புவோர் முன்கூட்டிப் பேசிவிட்டு வரவும்.’

வீட்டு முகவரியைப் போடாதீர்கள். ஷெட்டில் இன்னும் எத்தனை கார் இருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். பின்னணியில் மற்ற கார்கள் விழாமல் படம் எடுப்பதும் நல்லது. விலையுயர்ந்த சேகரிப்பு எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

பார்க்க வரும்போது

எஞ்சினை முன்னதாகச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதைப் பார்க்கத்தான் அவர் வருகிறார். பானெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் சந்தேகம் வரும். முதல் ரவுண்டு நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ ஓட்டுங்கள். அடுத்த ரவுண்டை அவர் கேட்டால், லைசென்ஸ் பார்த்து, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் போக வேண்டும். பழைய கியர் பழக்கமில்லாதவர் முதல் கியருக்கு உருளும்போதே தள்ளுவார். நின்ற பிறகுதான் போட வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், வண்டி ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் மைனரின் முதல் கியருக்கு இல்லை.

அவர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தால் சந்தோஷப்படுங்கள். வாங்குகிற எண்ணத்தோடு வந்திருக்கிறார் என்று அர்த்தம். குறை சொல்லிக்கொண்டே போவார், அது அவர் வேலை. ‘ஆமாம், விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறேன், விலையும் அதைக் கணக்கில் வைத்துத்தான்’ என்று ஒரே பதிலோடு நில்லுங்கள்.

பணமும் பெயர் மாற்றமும்

அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: மொத்த விலை, அட்வான்ஸ், பாக்கி எந்தத் தேதிக்குள், தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும், காரோடு என்னென்ன சாமான்கள் போகும். பாக்கி முழுவதும் வங்கியில் வந்து சேர்ந்து, நீங்களே கணக்கைப் பார்த்த பிறகுதான் சாவி. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பிடிபட்டால் வாங்கிய அவ்வளவு தொகையும் அபராதமாகும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது என்பது பொது விதி. ஆனால் சேகரிப்புக் கார் என்றால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. 1931 மாடல் ஃபோர்டு டூரர் ஒன்றை 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, சில ஆண்டுகள் கழித்து 21 லட்சத்துக்கு விற்ற ஒருவரின் வழக்கில், காரைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்பதால் லாபத்துக்கு வரி உண்டு என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. ஓட்டக்கூடிய கார் என்பது மட்டும் போதாது, ஓட்டியிருக்க வேண்டும். அதனால் சர்வீஸ் பில், இன்சூரன்ஸ், குடும்பத்தோடு ராலிக்குப் போன படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, விற்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் சர்வசாதாரணம்; அதைச் செய்யாதீர்கள். வாங்குகிறவர் பெயர், தேதி, விலை எல்லாம் நிரப்பிய பிறகு கையெழுத்திட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதே மாநிலத்துக்குள் என்றால் விற்ற 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். விண்டேஜ் பதிவில் உள்ள கார் என்றால் விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் அவரவர் மாநிலப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

‘அவர் மாற்றிக்கொள்வார்’ என்று விட்டுவிடாதீர்கள். கார் கை மாறியிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. சாவி கொடுக்கும் நாளில் டெலிவரி நோட் ஒன்றில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

லாரியில் ஏற்றும்போது

தூரத்து ஊருக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று அவர் ஆசைப்பட்டால் தடுத்து, தட்டை லாரியில் அனுப்பச் சொல்லுங்கள். கட்டும் பட்டைகளைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். உடம்பையோ பம்பரையோ இழுத்துக் கட்டினால், கூரை இல்லாத கார் நூறு கிலோமீட்டர் குலுக்கலில் முறுக்கிக்கொள்ளும். ஹூட்டை மூடி, எல்லாக் கொக்கியையும் பூட்டி, காரின் முகம் லாரி போகும் திசையைப் பார்க்கும்படி ஏற்றுங்கள். பின்பக்கமாகக் காற்று புகுந்தால் பழைய துணி கிழிந்துவிடும். மேலே தார்ப்பாய் போடுகிறேன் என்பார்கள், வேண்டாம். காற்றில் அடித்து அடித்து பெயின்ட்டைத் தேய்த்துவிடும். மூடிய கண்டெய்னர் கிடைத்தால் அதுதான் உத்தமம். வழிப் பயணத்துக்கான இன்சூரன்ஸை யார் எடுக்கிறார்கள் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி, பாசிட்டிவ் எர்த் சீட்டை அப்படியே விட்டுவையுங்கள்.

கார் போன பிறகு வாரம் ஒரு தடவை பரிவாகனில் நம்பரைப் போட்டு, பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறும்வரை வாங்கியவரோடு தொடர்பில் இருங்கள். மாறியதும் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, டெலிவரி நோட்டோடும் வங்கி ரசீதோடும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். ஆடிட்டர் கேட்கும்போது அதை அப்படியே எடுத்துக் கொடுக்கலாம்.